செட்டு இல்லீங்க, அது மாடு மேய்க்கிறவங்க ஊரு

ஃபோனைத் திறந்தா அடிக்கடி ஒரு வீடியோ வருது. பச்சைப் புல்வெளி. அதுல கவுத்துப் போட்ட பஞ்சாரம் மாதிரி சாம்பல் நிறத்துல வரிசையா குடிசைகள். கூரை தரையைத் தொடுற அளவுக்கு இறங்கியிருக்கு. பின்னாடி பல்லு பல்லா மலை. கீழ எழுத்து: ‘தேவதைக் கதை கிராமம்’. இன்னொரு வீடியோவுல அதே இடத்துக்கு ‘குள்ளர்களின் ஊர்’னு பேரு. ‘ஏதோ படத்துக்குப் போட்ட செட்டா?’ன்னு கேட்டு நாலு பேரு.

இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலா வருது.

அங்க தேவதையும் இல்லை, குள்ளரும் இல்லை, செட்டும் இல்லை. மாடு இருக்கு. மாட்டுக்காரங்க இருக்காங்க. ஒரு தடவை மொத்தமா கொளுத்தப்பட்டு, அந்தச் சாம்பல்ல இருந்து அவங்களே திரும்ப எழுப்பின ஊரு அது. அந்தக் கதை தெரியாம படம் மட்டும் எடுத்துக்கிட்டு வந்தா, போன காசு பாதி வீண்.

ஸ்லோவேனியாவுல இருக்கு அந்த இடம். பேரு வெலிகா பிளானினா. ‘வெலிகா’ன்னா பெரிய. ‘பிளானினா’ங்கிற சொல்லுதான் அழகு. பக்கத்து நாட்டு ஸ்லாவிய மொழிகள்ல அதுக்கு மலைன்னு அர்த்தம். ஸ்லோவேனியக்காரங்க மட்டும் மலைமேல இருக்கிற மேய்ச்சல் நிலத்தை அப்படிச் சொல்றாங்க. நம்ம பக்கம் மேய்ச்சக்காடுன்னு சொல்றோமே, அதேதான். பெரிய மேய்ச்சக்காடு. ஊரு பேருலயே தொழில் இருக்கு.

நாட்டோட தலைநகரம் லூப்லியானா. அங்கிருந்து வடக்கே 25 கிலோமீட்டருக்குள்ள காம்னிக்னு ஒரு பழைய ஊரு. ரயில்லயே போயிடலாம். காம்னிக்குக்குப் பின்னாடி சுவரு மாதிரி நிக்கிறதுதான் காம்னிக்-சவின்யா ஆல்ப்ஸ். அந்தச் சுவருக்கு முன்னாடி திண்ணை போட்ட மாதிரி அகலமா ஒரு பீடபூமி. இதுதான் வெலிகா பிளானினா. அதோட உச்சி கிராதிஷ்சே, 1666 மீட்டர். பெரிய உயரம் இல்லை. ஆனா திண்ணையில உக்காந்து தெருவைப் பார்க்கிற சுகம் இருக்கே, அது மொட்டை மாடியில கிடைக்காது. இங்க உக்காந்தா எதிர்ல இருக்கிற பெரிய மலைங்க எல்லாம் முகத்துக்கு நேரா நிக்கும்.

மேல போக மூணு வழி.

முதல் வழி கேபிள் கார். 1964ல ஓட ஆரம்பிச்சது. காம்னிஷ்கா பிஸ்திரிட்சா ஆத்துப் பள்ளத்தாக்குல இருந்து சுமார் 1400 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிஷத்துல கொண்டுபோய் விட்டுடும். நடுவுல ஒரு தூண்கூடக் கிடையாது. கீழ ஒரு நிலையம், மேல ஒரு நிலையம், நடுவுல வெறும் கம்பி. (உயரத்துக்குப் பயப்படுறவங்க மலைப் பக்கம் திரும்பி நின்னுக்கலாம்.) மேல இறங்கினதும் நாற்காலி லிஃப்ட் ஒண்ணு உச்சிப் பக்கம் கூட்டிட்டுப் போகும்.

ரெண்டாவது, கிழக்குப் பக்கமா வண்டியில சுத்தி வந்து, மிச்சத்தை நடக்கிறது. சைக்கிள்காரங்களுக்குப் பிடிச்ச பக்கம் இது.

மூணாவது, அடிவாரத்துல ஸ்தாஹோவிட்சாங்கிற ஊர்ல இருந்து முழுசா நடந்தே ஏறுறது. சில மணி நேரம் ஆகும், மூச்சு வாங்கும். ஆனா நல்ல வழி இதுதான். காரணம், பாதி வழியில புனித பிரிமோஷ் கோயில் வருது. வெளிய இருந்து பார்த்தா சாதாரண மலைக் கோயில். உள்ள போனா சுவர் முழுக்க 1504ஆம் வருஷத்து ஓவியங்கள். ஒரு சுவர்ல மூணு ராஜாக்கள் குழந்தை இயேசுவைப் பார்க்க ஊர்வலமா வர்றாங்க. இன்னொரு இடத்துல மரியாள் தன்னோட போர்வையை விரிச்சு, அதுக்குள்ள சனங்களை அணைச்சு நிக்கிறாங்க. கொள்ளைநோய், துருக்கியர் படையெடுப்பு, பஞ்சம்னு அடிமேல அடி வாங்கின காலம் அது. மாட்டை ஓட்டிக்கிட்டு மேல போற பாதை ஓரத்துல, எங்களைக் காப்பாத்தும்மான்னு ஒரு ஊரே சுவர்ல வரைஞ்சு வச்சிருக்கு. கேபிள் கார்ல போறவங்களுக்கு இது கிடைக்காது. அதனால ஏறும்போது நடங்க, இறங்கும்போது கேபிள் கார் பிடிங்க. முட்டிக்கும் நல்லது.

வழி தப்பாது. மரத்துலயும் பாறையிலயும் சிவப்பு வட்டம், நடுவுல வெள்ளைப் பொட்டு. ஸ்லோவேனியா மலைகள் எல்லாத்துக்கும் இந்த ஒரே அடையாளம்தான். அலோய்ஸ் க்னாஃபெல்ட்ஸ்ங்கிற மலைக்காரர் 1920கள்ல கொண்டு வந்தது. அதனால அவர் பேராலயே அதைச் சொல்றாங்க. மேல மூடுபனி இறங்கிட்டா பத்தடி தள்ளி இருக்கிற மாடு தெரியாது, மணிச்சத்தம் மட்டும்தான் கேக்கும். அந்த நேரத்துல இந்தப் பொட்டுதான் துணை. அது கண்ணுக்குத் தெரியலைன்னா நின்னுடுங்க, பனி விலகட்டும். சுத்தியும் பள்ளம் பள்ளமா இருக்கிற நிலம் அது.

ஏன் அத்தனை பள்ளம்?

மொத்தமும் சுண்ணாம்புப் பாறை. மழை பேஞ்சா தண்ணி நிக்காது, ஓடாது. பாறை இடுக்குல இறங்கிக் காணாமப் போயிடும். உள்ள உள்ள கரைச்சுக் கரைச்சு, மேல கிண்ணம் மாதிரி குழிகள், அடியில குகைகள். இத்தனை பச்சையா இருக்கே, ஒரு ஓடைகூட இல்லையான்னு மேல போறவங்க தேடுவாங்க. கிடையாது. மாட்டுக்காரங்க மழைத்தண்ணியைக் கூரையில இருந்து பிடிச்சு வச்சுத்தான் காலம் தள்ளினாங்க. அதனால மேல போகும்போது குடிக்கிற தண்ணியை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. அவங்க தொட்டியில கையை விடாதீங்க.

சரி, இப்போ குடிசைக்கு வருவோம். அந்த வீடியோக்காரங்க ‘அழகு அழகு’ன்னு சொல்லி நகர்ந்துடுற விஷயம் இதுதான்.

அவங்க மொழியில அதுக்குப் பேரு பாய்த்தா. பழைய பாய்த்தாவோட தரைத் திட்டம் முட்டை வடிவம். நட்டநடுவுல மரச்சட்டம் அடிச்ச சின்னச் சதுர அறை. அதுக்குள்ள அடுப்பு, படுக்கை, பால் பாத்திரம் எல்லாம். மனுசன் இருக்கிற இடம் அவ்வளவுதான். அந்த அறையைச் சுத்தி, தரை வரைக்கும் இறங்குற கூரைக்கு அடியில மிச்சம் இருக்கிற இடம் முழுக்கத் தொழுவம்.

யோசிச்சுப் பாருங்க. நடுவுல மனுசன், சுத்தி மாடு. ராத்திரி குளிர்ல மாட்டோட உடம்புச் சூடு அறையைச் சுத்திப் போர்வையா நிக்கும். வெளிய இடி மின்னல் அடிச்சா மாடு மிரண்டு எங்கயும் ஓடாது, எல்லாம் ஒரே கூரைக்கு அடியில. சுவர்னு தனியா ஒண்ணு வெளியில தெரியாததால காத்து வந்து மோத இடமே இல்லை. கூரைமேல ஏறி வழுக்கிக்கிட்டுப் போயிடும். கூரைக்குப் போட்டிருக்கிறது மரப்பலகைச் சில்லு. ஸ்ப்ரூஸ் மரத்தைப் பிளந்து ஓடு மாதிரி அடுக்கி வச்சது. புதுசா இருக்கும்போது மஞ்சளா இருக்கும். வெயிலும் பனியும் பட்டுப் பட்டு வெள்ளிச் சாம்பலா மாறிடும். வீடியோவுல பார்க்கிற அந்த நிறம் பெயின்ட் இல்லை, வருஷக்கணக்கான மழை.

ஜன்னல் கிடையாது. புகைபோக்கியும் கிடையாது. அடுப்புப் புகை கூரை இடுக்கு வழியா கசிஞ்சு வெளிய போகும். கண்ணு எரியும், உண்மைதான். ஆனா அந்தப் புகை ஏறின மரத்துல பூச்சி அண்டாது. பாலாடைக்கட்டியும் அந்தப் புகையிலயே காயும். ஒவ்வொரு குறைக்கும் பின்னாடி ஒரு காரணம் இருக்கு. எந்த இன்ஜினியரும் வந்து வரைஞ்சு கொடுக்கலை. பரம்பரை பரம்பரையா இடிஞ்சு, ஒழுகி, சரிஞ்சு, திருத்தித் திருத்திக் கண்டுபிடிச்ச வடிவம்.

அந்தப் பழைய முட்டை வடிவத்தைப் பார்க்கணும்னா பிரெஸ்கார் குடிசைக்குப் போகணும். இப்போ அது சின்ன அருங்காட்சியகம். உள்ள இருக்கிற சாமான்கள்ல ஒண்ணை மட்டும் விட்டுடாதீங்க. லிண்டன் மரத்து உள்பட்டையை நாரு நாரா கீத்துப் பின்னின மழைக்கோட்டு. தோள்ல போட்டுக்கிட்டா தண்ணி நாரு வழியா வழிஞ்சு கீழ போயிடும். நம்ம ஊர்ல கொங்காணி போட்டுக்கிட்டு நாத்து நட்டவங்களுக்கு இதைப் பார்த்ததும் ஒரு சிரிப்பு வரும். மழைக்கு மனுசன் எங்கயும் ஒரே மாதிரிதான் யோசிச்சிருக்கான்.

ஏன் பழைய வடிவத்தைப் பார்க்க ஒரு அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியிருக்கு? அதுதான் அந்த வீடியோக்கள்ல வராத பகுதி.

ரெண்டாம் உலகப் போர்ல இந்தப் பக்கம் முழுக்க ஜெர்மானியர் பிடியில இருந்தது. மலைகள்ல எதிர்ப்புப் படைக்காரங்க ஒளிஞ்சு சண்டை போட்டாங்க. அவங்களுக்கு ஒதுங்க இடம் கிடைக்கக் கூடாதுன்னு 1944-45 குளிர்காலத்துல ஜெர்மன் படை மேல வந்து குடிசைகளைக் கொளுத்திடுச்சு. காஞ்ச ஸ்ப்ரூஸ் பலகை, வருஷக்கணக்கா புகையும் பிசினும் ஏறினது. எவ்வளவு நேரம் எரிஞ்சிருக்கும்? 1938ல மாட்டுக்காரங்களுக்காகக் கட்டின பனிமாதா சிற்றாலயமும் போச்சு.

போர் முடிஞ்சதும் மாட்டுக்காரங்க திரும்ப மேல ஏறினாங்க. நாடே இடிஞ்சு கிடந்த நேரம், மரத்துக்கும் ஆளுக்கும் தட்டுப்பாடு. ஆனாலும் கட்டினாங்க. வளைவா கட்டுறது கஷ்டம், வேலை அதிகம். அதனால நிறையப் பேரு நேர்கோட்டுல, செவ்வகமா கட்டிக்கிட்டாங்க. தரையைத் தொடுற கூரையையும் மரச்சில்லையும் மட்டும் விட்டுக் கொடுக்கலை. இன்னைக்கு நாம பார்க்கிற ஊரு அதுதான். அந்தச் சிற்றாலயம் மட்டும் ரொம்பக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1988லதான் திரும்ப எழும்புச்சு. ஆகஸ்ட் மாசம் பனிமாதா திருநாளையொட்டி அங்க கூட்டம் சேரும்.

இங்க ஒருத்தரைப் பத்தி சொல்லியே ஆகணும். விளாஸ்தோ கோபாச். 1913ல பிறந்தவர், கட்டடக் கலைஞர். லூப்லியானா நகரத்தோட முகத்தையே மாத்தின யோஷே பிளெச்னிக்கோட மாணவர். போர்க்காலத்துல நாஜிக்கள் இவரைத் தாஹாவ் வதைமுகாம்ல அடைச்சாங்க. உயிரோட திரும்பி வந்தார். வந்தவரை, அப்போ ஸ்லோவேனியாவை ஆண்ட யூகோஸ்லாவிய அரசாங்கம் சும்மா விடலை. தாஹாவ்ல இருந்து பிழைச்சு வந்தவங்கமேலயே சந்தேகப்பட்டு, துரோகிகள்னு பழி சுமத்தி விசாரணை நடத்தினாங்க. அதுல மாட்டினவர்கள்ல கோபாச்சும் ஒருத்தர். மறுபடியும் சிறை.

வெளிய வந்தவர் இந்தப் பீடபூமியைக் கைவிடலை. மாட்டுக்காரங்க வாழ்க்கையை ஒவ்வொண்ணா வரைஞ்சு வச்சார். சுற்றுலாக்காரங்க தங்க மேல வீடுகள் கட்டணும்னு வந்தப்போ, கான்கிரீட் டப்பாக்கள் முளைச்சுடாம, மாட்டுக்காரங்க குடிசை மாதிரியே கூரை இறங்கின வீடுகளா வடிவமைச்சுக் கொடுத்தார். அதுவும் பழைய ஊருக்கு நடுவுல இல்லை, தனியா ஒதுங்கி. ஆல்ப்ஸ் மலைகள்ல எத்தனையோ இடத்தை ஹோட்டல் கட்டியே பாழாக்கிட்டாங்க. இந்த இடம் தப்பிச்சதுல கோபாச்சுக்கு ஒரு பெரிய பங்கு இருக்கு. 2006ல காலமானார். டோனே செவ்ட்ஸ்னு இன்னொருத்தர், நாட்டுப்புற ஆய்வாளர், 1972ல இந்த மாட்டுக்காரங்க வாழ்க்கையைப் பத்தி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். இந்த ரெண்டு பேரும் இல்லைன்னா நமக்குப் பாதி விஷயம் தெரிஞ்சிருக்காது.

சாப்பாட்டுக்கு வருவோம். பசிக்குமே.

ஜூன் மாசம் மாடுங்க மேல வரும், செப்டம்பர்ல இறங்கும். இந்த மூணு மாசம்தான் ஊருக்கு உயிரு. அப்போ போனா சில குடிசை வாசல்ல கிஸ்லோ ம்லேகோ கிடைக்கும். புளிச்ச பால்னு அர்த்தம். கிண்ணத்துல உறைஞ்ச கெட்டித் தயிர்தான், மேல ஆடை படிஞ்சு. கூடவே ஜ்கான்ட்சி. பாப்பரை மாவுல கிண்டின களி, உதிரி உதிரியா இருக்கும். களியும் தயிரும்! மலை ஏறி வந்த வயித்துக்கு அதைவிட என்ன வேணும்? மாசோவ்னிக்னு இன்னொண்ணு, பாலாடையில மாவு போட்டுக் காய்ச்சினது. ரொம்பக் கனம். ரெண்டு பேரு ஒரு தட்டை வாங்கிக்கிட்டாலே போதும்.

மாட்டுலயும் ஒரு சொந்த இனம் உண்டு. சீகான்னு பேரு. செவலை நிறம், முதுகுல வெள்ளைப் பட்டை, சின்ன உடம்பு. ஸ்லோவேனியாவோட ஒரே நாட்டு மாட்டினம். கனத்த மாடு மிதிச்சா மலைச்சரிவுல மண்ணு பேர்ந்துடும். சீகா லேசா நடந்து போயிடும், பாறை இடுக்குப் புல்லையும் விடாது. பால் கம்மின்னு ஒதுக்கி, ஒரு காலத்துல எண்ணிக்கை ரொம்பக் குறைஞ்சு போச்சு. இப்போ திரும்பத் தேடித் தேடி வளர்க்கிறாங்க. இந்தக் கதையை நாம எங்கயோ கேட்டிருக்கோம் இல்லையா?

இப்போ திர்னிச். இந்தப் பீடபூமியிலேயே மனசுக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

பாலாடைக்கட்டியில ஒரு வகை. திரிஞ்ச பால்ல இருந்து எடுத்த கட்டியையும் ஆடையையும் உப்பையும் பிசைஞ்சு, பேரிக்காய் வடிவத்துல உருட்டி, மேல மரத்துல செதுக்கின அச்சால கோலம் மாதிரி அழுத்திக் காய வைப்பாங்க. கல்லு மாதிரி கெட்டியாயிடும். எப்பவும் ஜோடியாத்தான் செய்வாங்க, ரெண்டுலயும் ஒரே கோலம். கோடை முழுக்க மாட்டோட மேல இருந்த பையன், மனசுக்குப் பிடிச்ச பொண்ணுகிட்ட ஒண்ணைக் கொடுப்பான். இன்னொண்ணு அவன்கிட்ட இருக்கும். அவ வாங்கிக்கிட்டா சம்மதம்னு அர்த்தம். வாய் பேச வேண்டியதில்லை, லெட்டர் எழுத வேண்டியதில்லை. கோலம் பொருந்தினா போதும்.

இன்னைக்கும் திர்னிச் செய்யறவங்க இருக்காங்க. வாங்கினா ரெண்டா வாங்குங்க. ஒத்தையா வாங்குறது அந்தப் பண்டத்துக்கே பொருந்தாது.

விளையாட்டுக்காகப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய பெரிய பனிச்சறுக்கு ஊர்களோட இதை ஒப்பிடாதீங்க. சறுக்கு மைதானம் இருக்கு, சின்னதுதான். ஆனா குளிர்காலத்துல சறுக்குவண்டியில குழந்தைங்களோட இறங்கவும், பனிமிதியடி கட்டிக்கிட்டு அமைதியா நடக்கவும் இதுமாதிரி இடம் கம்மி. கோடையில மலை சைக்கிள், நடை. பக்கத்துலயே இருக்கிற மாலா பிளானினாங்கிற மேய்ச்சக்காட்டுல யார்ஷ்கி தோம், தோம்ஷால்ஸ்கி தோம்னு மலையேறிகள் விடுதிகள் இருக்கு. ராத்திரி தங்கி, விடியக்காலை உச்சிக்குப் போங்க. கேபிள் கார் கூட்டம் வர்றதுக்கு முன்னாடி அந்த இடம் வேற மாதிரி இருக்கும்.

இந்த மலைகள் வளர்த்த ஆட்களும் சாதாரணம் இல்லை. காம்னிக்குக்காரர் தோமாஷ் ஹுமார், 1999ல இமயமலையில தவுளகிரியோட தெற்குச் சுவர்ல தனி ஆளா ஏறினவர். 2009ல லாங்டாங் லிருங்ல உயிரை விட்டார். பக்கத்து ஊரு கோமெண்டாவுல வளர்ந்த பையன்தான் ததேய் போகச்சார். 2020ல, 22 வயசு முடியறதுக்கு முன்னாடியே, டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை ஜெயிச்சவர். ரெண்டு மில்லியன் பேரு இருக்கிற நாடு. வீட்டு வாசல்ல மலை இருந்தா காலும் நெஞ்சும் எப்படி உரம் ஏறும்னு இவங்களைப் பார்த்தா புரியும்.

எப்போ போகணும்னு தெரியாம நிறையப் பேரு ஏமாந்து போறாங்க. பனி உருகுற வசந்தத்துல போனா ஊதா நிறக் குரோக்கஸ் பூ தரை தெரியாம பூத்திருக்கும், ஆனா மாடு இருக்காது. குளிர்காலத்துல போனா கூரைமேல பனி ஏறின குடிசை கிடைக்கும், தயிர் கிடைக்காது, கதவெல்லாம் பூட்டியிருக்கும். அக்டோபர்ல போனா மாடும் இல்லை, பனியும் இல்லை. மணிச்சத்தம், புகைவாசனை, தயிர்க் கிண்ணம் எல்லாம் வேணும்னா ஜூலை, ஆகஸ்ட்தான். கூட்டம் இருக்கும், பொறுத்துக்கணும். ஸ்போர்ட்ஸ் ஷூ போதாது, சுண்ணாம்புக் கல்லு ஈரத்துல வழுக்கும். நல்ல பிடிப்புள்ள பூட்ஸ் வேணும். கடைசி கேபிள் கார் எத்தனை மணிக்குன்னு ஏறும்போதே கேட்டு வச்சுக்கோங்க.

பூமேல படுத்துப் படம் எடுக்காதீங்க. அந்தப் புல்லும் பூவும்தான் அடுத்த மாசம் பால்.

குடிசைக் கதவு திறந்திருந்தா உள்ள நுழைஞ்சு எட்டிப் பார்க்காதீங்க. அது ஒரு குடும்பத்தோட அடுக்களை. பால் இருக்கான்னு வெளிய நின்னு கேளுங்க. இருந்தா கொடுப்பாங்க. காசை மறக்காம கொடுங்க. வரும்போது வேலிப் படலைச் சாத்திட்டு வாங்க. நீங்க திறந்து விட்டுட்டுப் போற ஒரு படலுக்கு, ராத்திரி டார்ச் எடுத்துக்கிட்டு மூடுபனியில மாட்டைத் தேடப் போறவங்க அங்க இருக்காங்க.